குறட்டை திடீரென நிற்கும்போது: உறக்க மூச்சுத்தடை நோயும் சுவாசக் கருவிச் சிகிச்சையும்

நித்திரையில் ஒருவர் உரத்த குறட்டை விடும்போது "அலுப்பில் அயர்ந்து உறங்குகிறார்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போவது எமது வீடுகளில் வழக்கமாகும். குறட்டை பற்றிய பகிடிகளுக்கும் குறைவில்லை. ஆனால், அக்குறட்டையைச் சற்று நேரம் பொறுமையுடன் செவிமடுப்பவர்களுக்கு ஒரு விடயம் புலப்படும். சிலரது குறட்டை படிப்படியாக உரத்துச் சென்று, ஒரு கட்டத்தில் திடீரென நின்றுவிடுகின்றது. மார்பும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும் மூக்கினாலோ வாயினாலோ காற்று உட்செல்வதில்லை. பத்து விநாடிகள், இருபது விநாடிகள், சிலருக்கு ஒரு நிமிடம் வரையிலும்கூட இந்நிலை நீடிக்கின்றது. பின்னர் பெரும் திணறலுடன், உடல் குலுங்க, மூச்சு மீள்கின்றது. குறட்டையும் மீண்டும் ஆரம்பிக்கின்றது.

அருகில் படுத்திருப்பவரின் நெஞ்சு பதைக்கின்றது. உறங்கியவருக்கோ காலையில் எதுவும் நினைவில் இருப்பதில்லை. உறக்க மூச்சுத்தடை நோயின் தனித்தன்மையே இதுதான். நோயாளி தனது நோயைக் காண்பதில்லை. அவரது மனைவியோ, கணவரோ, பிள்ளைகளோதான் காண்கின்றனர். ஆகையால், இந்நோய் பற்றிய அறிவு நோயாளிக்கு எவ்வளவு அவசியமோ அதே அளவுக்கு அவரது வீட்டாருக்கும் அவசியமாகும்.

தொண்டையில் நிகழ்வது என்ன?

கழுத்திலும் மார்பிலும் உள்ள மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் திறந்து வைத்திருக்கின்றன. அதற்கு மேலே, நாக்கின் பின்புறமாக உள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய வளையங்கள் இல்லை. தசைகளின் இறுக்கமே அப்பாதையைத் திறந்து வைத்திருக்கின்றது. நித்திரையில் இத்தசைகள் தளர்வடைகின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிய, மென்மையான மேலண்ணமும் உண்ணாக்கும் தொய்கின்றன. பாதை ஒடுங்கும்போது காற்று உராய்ந்து எழும் அதிர்வே குறட்டையாகும். பாதை முற்றாக மூடிக்கொண்டால் அது மூச்சுத்தடையாகும்.

மூச்சுத் தடைப்பட்டதும் குருதியில் ஒட்சிசனின் அளவு குறைந்து, காபனீரொட்சைட்டின் அளவு அதிகரிக்கின்றது. ஆபத்தை உணரும் மூளை, உறங்குபவரை ஒரு கணம் விழிப்புநிலைக்குக் கொண்டுவருகின்றது. தசைகள் மீண்டும் இறுகிப் பாதை திறக்கின்றது. இந்த விழிப்பு சில விநாடிகளே நீடிப்பதால் அது நினைவில் பதிவதில்லை. ஆயினும் ஆழ்ந்த உறக்கம் ஒவ்வொரு தடவையும் கலைந்துபோகின்றது. நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு மணித்தியாலத்துக்கு முப்பது தடவைக்கு மேல் இவ்வாறு நிகழும். ஏழு மணித்தியாலம் உறங்கியதாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர், உண்மையில் அவ்விரவில் இருநூறு தடவைக்கு மேல் மூச்சுக்காகப் போராடியிருப்பார்.

இது அடைப்பினால் ஏற்படும் வகையாகும். மூச்சுவிடுமாறு மூளை பிறப்பிக்கும் கட்டளையே இடையிடையே நின்றுபோகும் வேறொரு வகையும் உண்டு. இதயம் பலவீனமடைந்தோர், பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டோர், வலியைப் போக்கும் ஓப்பியம் சார்ந்த மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வோர் ஆகியோரிடம் இது காணப்படலாம். அதற்கான சிகிச்சை வேறாகையால், கருவியைத் தெரிவு செய்வதற்கு முன்னர் எவ்வகை நோய் என்பதை அறிவது இன்றியமையாதது.

யாருக்கு ஏற்படுகின்றது?

அதிக உடற்பருமனும் தடித்த கழுத்தும் முதன்மையான காரணங்களாகும். ஆண்களிடம் இந்நோய் அதிகமாகக் காணப்படுகின்றது. மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களிடமும் அதிகரிக்கின்றது. பின்தள்ளிய அல்லது சிறிய தாடை, பெருத்த டொன்சில், தைரொயிட் சுரப்புக் குறைபாடு, மூக்கடைப்பு ஆகியனவும் துணைக்காரணிகளாகும். மதுபானமும் நித்திரைக் குளிசைகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளரச் செய்வதால் நோயைத் தீவிரப்படுத்துகின்றன. நித்திரை சரியில்லை என்று கூறித் தாமாகவே குளிசை வாங்கி விழுங்குவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

ஒல்லியானவர்களுக்கு இந்நோய் வராது என்று எண்ணுவதும் தவறு. ஆசிய மக்களிடையே முக எலும்புகளின் அமைப்புக் காரணமாக, மேற்கத்தேயரைவிடக் குறைந்த உடற்பருமனிலேயே இந்நோய் தோன்றுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019 ஆம் ஆண்டில் லான்செட் குழும மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியான மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 69 வயது வரையானோரில் ஏறத்தாழ 936 மில்லியன் பேருக்கு இந்நோய் ஏதோ ஓர் அளவில் உள்ளது. அவர்களுள் 425 மில்லியன் பேருக்கு அது நடுத்தர அல்லது கடும் நிலையில் உள்ளது. இவர்களில் பெரும்பாலானோர் தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்களாவர்.

அறியப்பட்ட வரலாறு

ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837 ஆம் ஆண்டுகளில் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில், எந்நேரமும் உறங்கி விழும் பருத்த சிறுவன் ஒருவன் வருகின்றான். 1956 இல் அமெரிக்க வைத்தியர்கள், உடற்பருமனும் பகல்நேரத் தூக்கமும் கொண்ட நோயாளரின் நிலையை விபரித்தபோது இப்பாத்திரத்தை நினைவுகூர்ந்து அதற்கு 'பிக்விக்' நோய் எனப் பெயரிட்டனர். எனினும், இரவில் நிகழும் மூச்சுத்தடையே பகல்நேரத் தூக்கத்தின் மூலகாரணமாகலாம் என்பது அப்போது உணரப்படவில்லை. 1965 இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் தனித்தனியே இயங்கிய ஆய்வாளர்கள், இத்தகைய நோயாளரின் நித்திரையை இரவு முழுவதும் பதிவு செய்து இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தனர். 1976 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்ரியன் கில்மினோ, வில்லியம் டிமென்ற் உள்ளிட்டோர் இதனை ஒரு நோய்த்தொகுதியாக வரையறுத்தனர்.

உடலுக்கு விளையும் கேடு

பகலில் அடக்கமுடியாத தூக்கம், காலைத் தலையிடி, ஞாபகமறதி, எரிச்சல், மனச்சோர்வு, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியன வெளிப்படையான அறிகுறிகளாகும். உள்ளே நிகழும் கேடு இவற்றைவிடப் பாரதூரமானது. ஒவ்வொரு தடவை மூச்சுத் தடைப்படும்போதும் அதிரினலின் முதலிய ஓமோன்கள் சுரந்து, குருதி அமுக்கம் திடீரென உயர்கின்றது. இரவில் இளைப்பாற வேண்டிய இதயம் இரவு முழுவதும் ஓட்டப்பந்தயத்தில் ஈடுபட்டதைப் போன்று உழைக்கின்றது. பல மருந்துகள் உட்கொண்டும் கட்டுப்படாத உயர் குருதி அமுக்கத்துக்குப் பின்னால் இந்நோய் மறைந்திருப்பது அடிக்கடி கண்டறியப்படுகின்றது. இதயத்துடிப்பு ஒழுங்கீனம், மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு ஆகியவற்றுடனும் இதற்குத் தொடர்புண்டு.

இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பெப்ரவரியில் மும்பாயில் காலமானபோது, உறக்க மூச்சுத்தடை நோயே மரணத்துக்குக் காரணமென அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்கள் அறிவித்தனர். அமெரிக்க நடிகை கரி ஃபிஷர் 2016 டிசெம்பரில் இறந்ததற்கான காரணங்களுள் ஒன்றாகவும் இந்நோய் பதிவு செய்யப்பட்டது.

சாரதி ஆசனத்தில் ஒரு கணம்

நோயாளியை மட்டுமன்றி, அவரை நம்பிப் பயணிப்போரையும் இந்நோய் பலியெடுக்கின்றது. 2013 டிசெம்பர் 1 ஆம் திகதி காலை நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், மணிக்கு 30 மைல் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவொன்றைப் பயணிகள் புகையிரதமொன்று 82 மைல் வேகத்தில் அடைந்து தடம்புரண்டது. நால்வர் உயிரிழந்தனர், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சாரதி கண்ணயர்ந்திருந்தார் என்பது விசாரணையில் வெளியாகியது. அவருக்குக் கடும் உறக்க மூச்சுத்தடை இருந்தது. விபத்தின் பின்னரே அது கண்டறியப்பட்டது.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இரவிரவாகப் பஸ்களையும் லொறிகளையும் செலுத்தும் எமது சாரதிகளை எண்ணிப் பார்க்கும்போது இவ்விபத்து எமக்குத் தொலைவானதாகத் தோன்றாது. நள்ளிரவு கடந்த வேளையில் வாகனம் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதினால் "சாரதிக்கு நித்திரை தூக்கிவிட்டது" என்பதோடு செய்தி முடிந்துவிடுகின்றது. அந்நித்திரைக்குக் காரணம் ஓய்வின்மையா, அன்றிச் சிகிச்சையளிக்கக்கூடிய நோயொன்றா என்ற கேள்வி எழுப்பப்பட வேண்டும். கனரக வாகனச் சாரதிகளுக்கான மருத்துவப் பரிசோதனையின்போது கழுத்தின் சுற்றளவை அளப்பதற்கும் நித்திரை பற்றிச் சில கேள்விகளைத் தவறாது கேட்பதற்கும் ஐந்து நிமிடங்கள் போதுமானவை. தொழில் பறிபோய்விடும் என்ற அச்சத்தில் சாரதிகள் நோயை மறைக்காதிருக்க, சிகிச்சை பெறுவோர் தொடர்ந்து தொழில் புரியலாம் என்ற உறுதியும் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும்.

கண்டறியும் வழி

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரைச் சேர்ந்த வைத்தியர் மறே ஜோன்ஸ் 1991 இல் எளிய வினாக்கொத்தொன்றை வெளியிட்டார். வாசிக்கையில், தொலைக்காட்சி பார்க்கையில், பொது இடத்தில் அமைதியாக அமர்ந்திருக்கையில், வாகனத்தில் பயணிக்கையில் என எட்டுச் சந்தர்ப்பங்களில் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு 0 முதல் 3 வரை புள்ளியிட வேண்டும். மொத்தம் 24 புள்ளிகளில் பத்துக்கு மேற்பட்டால் பகல்நேரத் தூக்கம் வழமைக்கு மாறானதெனக் கொள்ளப்படும். உரத்த குறட்டை, பகற்களைப்பு, மூச்சு நிற்பதை மற்றவர் கண்டமை, உயர் குருதி அமுக்கம், உடற்பருமன், ஐம்பதைக் கடந்த வயது, 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆண் பால் ஆகிய எட்டு அம்சங்களைக் கொண்ட வேறொரு வினாக்கொத்தும் பயன்பாட்டில் உள்ளது. இவற்றுள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை பொருந்துவோர் வைத்திய ஆலோசனை பெறுவது நல்லது.

உறுதியான முடிவை உறக்கப் பரிசோதனையே தரும். வைத்தியசாலையில் ஓரிரவு தங்கி மூளை அலைகள், இதயத்துடிப்பு, மூச்சோட்டம், மார்பசைவு, ஒட்சிசன் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்வது முழுமையான முறையாகும். சில உணரிகளை மட்டும் பொருத்திக்கொண்டு வீட்டிலேயே உறங்கிச் செய்யும் சுருக்கமான பரிசோதனையும் உண்டு. மணித்தியாலத்துக்குச் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நிற்கின்றது அல்லது குறைகின்றது என்பது கணக்கிடப்படும். 5 முதல் 15 வரை இலேசான நிலை. 15 முதல் 30 வரை நடுத்தர நிலை. 30 அல்லது அதற்கு மேல் கடும் நிலையாகும்.

தூசு உறிஞ்சும் இயந்திரத்திலிருந்து பிறந்த கருவி

1970 களின் இறுதிவரை கடும் நோயாளருக்கு நிச்சயமான பலன் தந்த சிகிச்சை ஒன்றே இருந்தது. அடைப்பு ஏற்படும் இடத்துக்குக் கீழே கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே அதுவாகும். இத்துயரத்துக்கு மாற்றுவழி கண்டவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் வைத்தியர் கொலின் சலிவன் ஆவார். தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை எதிர்த்திசையில் பயன்படுத்தி, காற்றைக் குழாய் வழியே மூக்கினுள் இலேசான அமுக்கத்துடன் செலுத்தும் ஏற்பாடொன்றை அவர் 1980 இல் பரிசோதித்தார். மூடிக்கொண்டிருந்த தொண்டை திறந்தது; நோயாளி தடையின்றி மூச்சுவிட்டு உறங்கினார். ஐந்து நோயாளரிடம் கிடைத்த பெறுபேறுகள் 1981 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியாகின. இன்று உலகெங்கும் 'சீபாப்' என அழைக்கப்படும் கருவியின் தொடக்கம் இதுவே.

இக்கருவி பற்றி இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. இது ஒட்சிசன் வழங்கும் இயந்திரம் அன்று. அறையிலுள்ள சாதாரணக் காற்றையே செலுத்துகின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிக்குப் பதிலாக மூச்சுவிடும் இயந்திரமும் அன்று. நோயாளி தாமாகவே மூச்சுவிடுகின்றார். சைக்கிள் ரியூப்பினுள் உள்ள காற்று அதனை உப்பிய நிலையில் வைத்திருப்பதைப் போன்று, இக்கருவி செலுத்தும் காற்று தொண்டைப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றது. இதற்குத் தேவையான அமுக்கம் பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர்மட்டத்துக்குச் சமமானது. பத்துச் சென்ரிமீற்றர் என்பது வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ நூறிலொரு பங்கு மாத்திரமே.

மாறாத அமுக்கம் தருவது ஒரு வகை. தொண்டையின் நிலைக்கேற்ப அமுக்கத்தைத் தானே கூட்டிக் குறைப்பது இன்னொரு வகை. மூச்சை உள்ளிழுக்கும்போது கூடுதலாகவும் வெளிவிடும்போது குறைவாகவும் அமுக்கம் தரும் 'பைபாப்' மூன்றாவது வகை. எது பொருத்தமானது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மூளையின் கட்டளை தடைப்படும் வகை நோயும் பலவீனமான இதயமும் கொண்டோருக்கு, மூச்சின் போக்குக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் விசேட கருவியொன்றை அளித்தபோது இறப்பு அதிகரித்ததாக 2015 இல் வெளியான பெரும் ஆய்வொன்று கண்டறிந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

முகமூடியே வெற்றியைத் தீர்மானிக்கின்றது

கருவி எவ்வளவு சிறந்ததாயினும் முகமூடி பொருந்தாவிட்டால் சிகிச்சை தோல்வியுறும். மூன்று வகை முகமூடிகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. மூக்கை மட்டும் மூடுவது முதலாவது; பெரும்பாலானோருக்கு இதுவே பொருந்தும். நாசித் துவாரங்களின் வாயிலில் மட்டும் பொருந்தும் சிறிய மெத்தைகளைக் கொண்டது இரண்டாவது. மூடிய இடத்தில் அகப்பட்டது போன்ற அச்சம் உள்ளோருக்கும், கண்ணாடி அணிந்து வாசித்தபடி உறங்குவோருக்கும் இது ஏற்றது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. வாயால் மூச்சுவிடுவோருக்கும் தீராத மூக்கடைப்பு உள்ளோருக்கும் இது உதவும்.

தாடி வைத்திருப்போருக்கு முகத்தை மூடும் பெரிய முகமூடியின் விளிம்பால் காற்றுக் கசியலாம். அவர்கள் தாடியை அகற்ற வேண்டியதில்லை; நாசி மெத்தை வகை பெரும்பாலும் இச்சிக்கலைத் தீர்த்துவிடும். முகமூடியை அளவுக்கு மீறி இறுக்குவது பலரும் செய்யும் தவறாகும். இறுக்கினால் மூக்கின் மேற்புறத்தில் புண் உண்டாகும், கசிவும் நிற்பதில்லை. படுத்த நிலையில், கருவியை இயக்கி, காற்று நிரம்பிய பின்னரே வார்களைச் சரிசெய்ய வேண்டும். சில முகமூடிகளில் காந்தக் கொளுவிகள் உள்ளன. இதயமுடுக்கி போன்ற மின்கருவிகள் உடலில் பொருத்தப்பட்டோர் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முதற் சில வாரங்கள்

கருவியைக் கைவிடுவோரில் பலர் முதற் சில வாரங்களிலேயே கைவிடுகின்றனர். ஆகவே அக்காலத்தில் வீட்டாரின் துணை மிகவும் வேண்டப்படுகின்றது. தொடக்கத்தில் பகலில் விழித்திருக்கையிலேயே அரை மணித்தியாலம் முகமூடியை அணிந்து பழகலாம். உறங்கும் வரை அமுக்கத்தைக் குறைவாக வைத்துப் படிப்படியாகக் கூட்டும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. தொண்டை வரட்சிக்கு ஈரப்பதமூட்டி உதவும். வாய் திறந்துகொள்வோருக்கு நாடியைத் தாங்கும் பட்டி பயன்படலாம். வயிறு உப்புதல், கண் எரிவு, மூக்கிலிருந்து நீர் வடிதல் முதலிய எந்தத் தொல்லைக்கும் பரிகாரம் உண்டு. ஆனால், அதனைக் கேட்டறியாமல் கருவியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதே நடைமுறையில் நிகழ்கின்றது.

பகலில் உறங்குவதாயினும் கருவி வேண்டும். ரமழான் காலத்தில் சஹருக்கு எழுந்து மீண்டும் உறங்கச் செல்வோர் முகமூடியை மீண்டும் அணிய மறக்கலாகாது. விடியற்காலை நித்திரையில் கனவுகள் தோன்றும் கட்டம் அதிகம். தசைகள் மிகவும் தளர்ந்து மூச்சுத்தடை கூடுவதும் அக்கட்டத்திலேயே. சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் கருவியை உடன் கொண்டுசெல்வதுடன், மயக்கமருந்து வைத்திய நிபுணரிடம் நோயைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எமது சூழலில் கவனிக்க வேண்டியவை

ஈரப்பதமூட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கற் பிரதேசங்களின் கிணற்று நீர் பாத்திரத்தில் வெண்படிவை விடுவதை அனைவரும் அறிவர். அதே படிவு கருவியிலும் படியும். கொதித்தாறிய நீரில் கிருமிகள் அழிந்தாலும் உப்புகள் அகல்வதில்லை. மலையகத்தின் குளிர் இரவுகளில் குழாயினுள் ஈரம் ஒடுங்கி முகத்தில் நீர் சொட்டலாம். குழாயைத் துணியால் சுற்றுவதும், கருவியைப் படுக்கையைவிடத் தாழ்வாக வைப்பதும் இதற்கு எளிய பரிகாரங்களாகும். முகமூடியை நாள்தோறும் மென்மையான சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். வடிகட்டியைக் காலந்தவறாது மாற்ற வேண்டும்.

மின்தடை மற்றுமொரு சிக்கலாகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. நோய் கடுமையாக உள்ளோர் மின்கலத் துணையொன்றை வைத்திருப்பது விவேகமானது. ஈரப்பதமூட்டியின் வெப்பத்தை நிறுத்திவிட்டால் மின்கலம் கூடிய நேரம் நீடிக்கும். மின்சாரமோ மின்கலமோ இல்லாத இரவில் பக்கவாட்டில் படுப்பதும் தலைப்பகுதியை உயர்த்துவதும் ஓரளவு உதவும்.

கருவியின் விலை சாதாரண குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையாகும். இதனால் கனடாவிலோ ஐரோப்பாவிலோ உள்ள உறவினர்கள் தாம் பயன்படுத்திய கருவியை அனுப்பிவைப்பதுண்டு. இங்கு எச்சரிக்கை தேவை. அமுக்கம் ஒவ்வொருவருக்கும் வேறுபடுவதால் வைத்தியரின் ஆலோசனைப்படி மீளமைக்காமல் பயன்படுத்தலாகாது. 230 வோல்ற் மின்சாரத்தை ஏற்குமா என்பதை மின்வழங்கியின் சுட்டுத்துண்டில் பார்க்க வேண்டும். முகமூடி, குழாய், வடிகட்டி ஆகியன புதிதாக இருக்க வேண்டும். மேலும், ஒலியைக் குறைப்பதற்காக உள்ளே வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு சிதைந்து துகள்கள் மூச்சுடன் உட்செல்லக்கூடும் என்ற காரணத்தால், பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூன் மாதத்தில் 'ட்ரீம்ஸ்டேஷன்' உள்ளிட்ட பல மில்லியன் கருவிகளை மீளப்பெறும் அறிவிப்பை விடுத்தது. கைமாறி வரும் கருவி அவற்றுள் ஒன்றா என்பதை அதன் தொடரிலக்கத்தைக் கொண்டு சரிபார்ப்பது அவசியம்.

கருவி எதைச் செய்யும்? எதைச் செய்யாது?

கருவி நோயை வேரோடு அகற்றுவதில்லை. கண்ணாடி அணிந்திருக்கும் வரை பார்வை தெளிவாக இருப்பதைப் போன்று, அணிந்திருக்கும் இரவில் மட்டுமே அது பாதுகாக்கும். பகல்நேரத் தூக்கத்தையும் சோர்வையும் அது நீக்குகின்றது என்பதில் ஐயமில்லை. குருதி அமுக்கத்தையும் ஓரளவு குறைக்கின்றது. மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் தடுக்குமா என்பதில் நேர்மையான விடை சற்றுச் சிக்கலானது. சிகிச்சை பெறாத கடும் நோயாளரைவிடக் கருவி பயன்படுத்தியோர் இதயநோயால் குறைவாகவே பாதிக்கப்பட்டதாக 2005 இல் ஸ்பெயின் நாட்டு நீண்டகால அவதானிப்பொன்று காட்டியது. ஆனால், ஏற்கெனவே இதய அல்லது மூளைக் குருதிக்குழாய் நோயுள்ள 2,717 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில் அத்தகைய பாதுகாப்பு நிரூபணமாகவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலமே கருவியை அணிந்திருந்தனர். இரவுக்குக் குறைந்தது நான்கு மணித்தியாலமாவது அணிந்தோரிடம் மீண்டும் நோய் தாக்குவது குறைந்ததைப் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2023 இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. பெட்டியில் கிடக்கும் கருவி எவரையும் காப்பாற்றுவதில்லை.

கருவியை அறவே ஏற்க முடியாதோருக்கு வேறு வழிகளும் உண்டு. கீழ்த்தாடையைச் சற்று முன்னே நகர்த்தி வைக்கும் பற்சாதனம் இலேசான, நடுத்தர நிலைகளில் பயன்தரும். உடல் எடையைக் குறைப்பது அனைவருக்கும் நன்மை பயக்கும். உடற்பருமனுடன் நடுத்தர அல்லது கடும் நோயுள்ளோருக்காக 'டிர்செபடைட்' என்னும் ஊசிமருந்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 டிசெம்பரில் அங்கீகரித்தது. நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் உட்பொருத்து கருவியும் சில நாடுகளில் உண்டு. சிறுவர்களைப் பொறுத்தவரை, பெருத்த டொன்சிலையும் அடினொயிட்டையும் அகற்றும் சத்திரசிகிச்சையே பெரும்பாலும் முதற் சிகிச்சையாகும். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு உறங்கும் பிள்ளை, பகலில் துடியாட்டமும் கவனக்குறைவுமாக இருப்பின், "படிப்பில் அக்கறையில்லை" என்று கடிந்துகொள்வதற்கு முன்னர் அதன் தொண்டையை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடனின் முகத்தில் வார்த்தடங்கள் காணப்பட்டபோது, அவர் உறக்க மூச்சுத்தடைக்காகக் கருவி பயன்படுத்துவதாக வெள்ளை மாளிகை 2023 ஜூனில் வெளிப்படையாக அறிவித்தது. முகமூடி அணிந்து உறங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை. எமது வீடுகளில் செய்ய வேண்டிய முதற்பணி மிக எளியது. உறங்குபவரின் குறட்டை நின்று, திணறி, மீள்வதைக் கண்டால் கைத்தொலைபேசியில் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதனை அவரிடமே காட்டுங்கள். பின்னர் இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். நோயாளி ஒருபோதும் காணமுடியாத சாட்சியம் அதுவேயாகும்.